தட்டிப் பார்த்து வாங்கலாம்: திருகோணமலையில் ஒரு சிப்பிக்கடை

போன ஆடி மாதம் கச்சான் காற்று சுழற்றி அடித்த ஒரு பின்னேரம், எங்கள் விறாந்தையில் தொங்கிய சிப்பி விளக்கு அறுந்து விழுந்தது. எட்டடி உயரம், கீழே வெறும் டைல்ஸ். குசினியிலிருந்து ஓடி வரும்போதே தும்புத்தடியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். மின்குமிழ் தூள்தூளாகக் கிடந்தது, தகர வளையம் நெளிந்திருந்தது, ஆனால் சிப்பி வட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். 72 வட்டுகளில் 4 மட்டும்தான் பழுது: இரண்டு விளிம்பில் துணுக்கு போனவை, மற்ற இரண்டும் வெடித்திருந்தன, வெடித்தும் இரண்டாகப் பிரியவில்லை. வட்டுகளைக் கோத்த அதே தங்கூசியில் (நைலோன் இழையில்) அடியில் கோத்திருந்த கண்ணாடித் துளிகள் 12, அவற்றில் 7 போய்விட்டன. வட்டு இலேசானது, தங்கூசி இழுத்துப் பிடித்திருக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் கண்ணாடித் துளிக்கும் அதே தங்கூசிதானே?

அந்த விளக்கை வாங்கிய கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருக்கலாம். பழுதைத் திருத்தக் கொண்டுபோய், திரும்ப மாட்டி, இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று விட்டுவிட்டேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோட்டை வாசலை நோக்கிப் போகும்போது டச்சு விரிகுடாப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நீலக் கதவு, வெளியே ஒரு மர வாங்கு. கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையில் பொம்மையும் மாலையும் விற்கிற கடைகளைப் போல இதை நினைத்துப் போக வேண்டாம். ஒரே ஒரு அறை. சுவரோரமாகத் தட்டுகள், அதில் சங்கு, சோகி, முத்துச்சிப்பியில் வெட்டிய கரண்டிகள், பொத்தான்கள், மேலே தொங்குகிற விளக்குகள். வெயில் படுகிற பக்கம் ஒரு பொருளும் இல்லை. கடைக்காரருக்கு எழுபது தாண்டியிருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மருமகள் கணக்குப் பார்க்கிறார்.

முதல் தடவை போனபோது நான் ஒரு சங்கை எடுத்து அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா எழும்பி வந்து, "நிறத்தைப் பிறகு பாக்கலாம் டீச்சர், முதல்ல தட்டிப் பாருங்கோ" என்றார். விரல் மொட்டியால் தட்டிக் காட்டினார். கணீரென்று இருந்தது. அடுத்ததைத் தட்டினார், கொஞ்சம் மந்தமான சத்தம். "இதுக்குள்ள எங்கயோ கீறல் இருக்கு, இது விக்கிற சாமான் இல்லை" என்று சொல்லி அதை மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது என் அம்மா செய்வதும் இதுதான். வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு முகங்களும் அதிரும்போது ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும், அதனால் ஒலி நீளாது. தன் பொருளில் உள்ள குறையை வாங்க வருகிறவருக்கு முன்னாலேயே தேடிப் பிடிக்கிற கடையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்கு முந்திய வருடம் வேறொரு ஊரில் வேறொரு கடையில் ஒரு சங்கு வாங்கியிருந்தேன். பெயர் வேண்டாம். பால்போல வெள்ளை, முகம் தெரிகிற மினுக்கம், விலையும் அதிகம். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தபோது துணியில் மாவு மாதிரி ஒட்டியது. மேசையிலிருந்து, இரண்டரை அடிதான் இருக்கும், ஒருநாள் விழுந்தது, உதட்டுப் பக்கம் முழுவதும் துண்டுதுண்டாகப் போய்விட்டது. உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வார்னிஷ் படலத்துக்குக் கீழே மேற்பரப்பு முழுக்கக் குழிகுழியாக இருந்தது. அசிட்டில் தோய்த்து எடுத்த சங்கு அது.

சிப்பி வியாபாரத்தில் பலர் செய்கிற வேலை இது. சிப்பி என்பது கல்சியம் காபனேற்று. ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துக் கரையும், மேலே ஒட்டியிருக்கிற பாசியும் கறையும் அதோடு போய்விடும், புதிதாக மினுங்கும். ஆனால் அமிலம் ஒரே சீராகக் கரைக்காது, இளகிய இடத்தில் ஆழமாக இறங்கும். நொறுங்கும் பொருள் ஒன்றில் சின்னக் குழி என்றால் அது வெடிப்பின் வாசல். ஆங்கிலப் பொறியியலாளர் கிரிஃபித் 1921இல் கண்ணாடியை வைத்துக் காட்டியது இதைத்தான்: ஒரு பொருள் எவ்வளவு தகைப்பை (அலகுப் பரப்பில் படும் விசையை) தாங்கும் என்பது அதில் ஏற்கெனவே இருக்கிற கீறலின் நீளத்தைப் பொறுத்தது, கீறலின் நுனியில் தகைப்பு குவிந்து நிற்கும். நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள், இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதியும் அந்த மினுக்கத்துக்குக் காசு கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஐயாவின் கடையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன். இங்கே அசிட் இல்லை. பெரிய வாளியில் நல்ல தண்ணீர், தும்புத் தூரிகை, சவர்க்காரம், அவ்வளவுதான். அதனால் சங்குகள் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சிலதில் மண்ணிறத் தோல் இன்னும் ஒட்டியிருக்கும். அதைக் குறை என்று எண்ணித் திரும்பிப் போகிறவர்களை அங்கேயே பார்த்தேன்.

சரி, விளக்குக்கு வருகிறேன். அது கண்ணாடிச் சிப்பி விளக்கு. தட்டையாக, உள்ளங்கை அகலத்தில், வெளிச்சம் ஊடுருவுகிற சிப்பி. விஞ்ஞானப் பெயர் பிளகூனா பிளசென்டா. கோவாவில் போர்த்துக்கேயர் காலத்து வீடுகளிலும் பிலிப்பைன்சிலும் யன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக இதைத்தான் சட்டத்தில் பொருத்தினார்கள். நம் ஊருக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. தம்பலகாமக் குடாவில் இந்தச் சிப்பி விளைந்தது, அதிலிருந்து சின்னச் சின்ன முத்துகள் எடுத்தார்கள், 1906இல் ஜேம்ஸ் ஹோர்னெல் அந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதியிருக்கிறார். ஆதி கோணநாயகர் கோயிலுக்கென்று எத்தனையோ தடவை தம்பலகாமத்துக்குப் போயிருக்கிறேன், இந்தக் கதை தெரிந்தது இந்த விளக்கு வாங்கிய பிறகுதான்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த விளக்கு தம்பலகாமச் சிப்பியா ஐயா?" என்று ஆசையாகக் கேட்டேன். "இல்லை பிள்ளை, இது வெளியால வாற சிப்பி, பிலிப்பைன்ஸ். தம்பலகாமம் எண்டு சொன்னா நீங்கள் கூடக் காசு தருவியள், ஆனா அது பொய்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதும்.

இனி அந்த வெடித்தும் பிரியாத வட்டுகள். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரிந்தால் சிப்பிச் சாமான் எதை வாங்கினாலும் எப்படிப் பார்ப்பது என்பது தானாகப் புரியும்.

அந்த வட்டில் நிறைப்படி ஏறத்தாழ 99 சதவீதம் கல்சைற்று. கல்சைற்று என்பது சுண்ணக்கல்லிலும் சலவைக்கல்லிலும் உள்ள அதே கனிமம். எங்கள் ஆய்வுகூடத்தில் தெளிவான கல்சைற்றுக் கட்டி ஒன்று இருக்கிறது, எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். அதைச் சுத்தியலால் இலேசாகத் தட்டினாலே வழவழப்பான சாய்வுத் தளங்களில் பிளந்து போய்விடும். அப்படிப்பட்ட பொருள்தான் வட்டில் 99 பங்கு. மீதி ஒரு பங்கு என்ன? புரதமும் மற்றச் சேதனப் பொருளும். அந்தச் சிறு பங்கு, ஒரு மைக்ரோமீற்றரை விட மெல்லிய கல்சைற்றுத் தகடுகளுக்கு நடுவே, அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய பசையாகப் பரவியிருக்கிறது. தகடு, பசை, தகடு, பசை என்று ஆயிரக்கணக்கில்.

2014இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங் லி, கிறிஸ்டின் ஓர்ட்டிஸ் ஆகிய இருவரும் இந்தச் சிப்பியையேதான் எடுத்து, வைர நுனியால் அழுத்தி, அழுத்திய இடத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து நேச்சர் மெற்றீரியல்ஸ் இதழில் எழுதினார்கள். பாறையில் கிடைக்கிற கல்சைற்றுப் பளிங்கோடு (படிகத்தோடு) ஒப்பிட்டால், அதே கனவளவில் சிப்பி கிட்டத்தட்ட 10 மடங்கு சக்தியை உள்வாங்கிக்கொள்கிறது. எப்படி என்பதுதான் அழகு. அழுத்தம் வந்ததும் தகட்டுக்குள் பளிங்கின் ஒரு துண்டு உடையாமல் அப்படியே சரிந்து, பக்கத்துத் துண்டின் கண்ணாடி விம்பம்போல நின்றுகொள்கிறது. பளிங்கின் இரட்டையாக்கம் என்பார்கள். சரிந்த துண்டுக்கும் சரியாத துண்டுக்கும் நடுவே புதிதாக ஓர் எல்லை உண்டாகிறது. அந்த எல்லை பசை அடுக்கைத் தொடுகிற இடத்தில் பசை இழுபடுகிறது, மிகச் சின்ன வெடிப்புகள் தகடுகளுக்கு இடையில் திறக்கின்றன, பளிங்கு இன்னும் நுண்ணிய மணிகளாகிறது. ஒரு பெரிய வெடிப்பு ஓட வேண்டிய சக்தி முழுவதும் அழுத்திய இடத்தைச் சுற்றியே ஆயிரம் சிறு வேலைகளில் செலவாகிப் போகிறது. சேதம் அந்த இடத்தை விட்டு வெளியே போவதில்லை. நண்டு ஒரு இடத்தில் குத்தினால், சிப்பி அடுத்த குத்தையும் தாங்க வேண்டுமே!

பழுதான வட்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டு போனேன். இரண்டு பென்சில்களை மேசையில் சமாந்தரமாக வைத்து, அவற்றின் மேல் வட்டைக் கிடத்தி, நடுவில் 50 கிராம் படிகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். பக்கத்தில் நுணுக்குக்காட்டிக் கண்ணாடி வழுக்கி ஒன்று. எது கூடுதல் பாரம் தாங்கியது என்று இங்கே எழுத மாட்டேன், தடிப்பும் அகலமும் வேறு என்பதால் அந்த ஒப்பீடு சரியல்ல. ஆனால் உடைந்த விதத்தை எல்லாரும் கண்ணால் கண்டார்கள். கண்ணாடி எந்த அறிவிப்பும் இல்லாமல் டிக் என்று இரண்டானது. வட்டு முதலில் மெல்லிய சத்தங்கள் எழுப்பியது, நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றியது, வளைந்தபடியே கொஞ்சம் நின்றது, பிறகு அடுக்கடுக்காக விரிந்து தொங்கியது. கவராய நுனியால் இன்னொரு இடத்தில் அழுத்தினோம், ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது, வட்டைத் தாண்டி ஓடுகிற வெடிப்பு வரவே இல்லை. ஒளியைச் சிதறடிக்கிற நுண்வெடிப்புகள்தான் அந்த வெள்ளை.

ஒரு பிள்ளை, "டீச்சர், அப்ப இது கண்ணாடியை விடப் பலமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, எல்லாரும் தடுக்கி விழுகிற இடமும் அதுதான். பலம் வேறு, உடைவைத் தாங்குவது வேறு. எவ்வளவு தகைப்பில் உடையத் தொடங்கும் என்பது ஒன்று. உடையத் தொடங்கிய பிறகு முழுதாக உடைய எவ்வளவு சக்தி செலவழிக்க வேண்டும் என்பது மற்றது. தகைப்பையும் விகாரத்தையும் (எவ்வளவு பங்கு நீண்டது என்பதை) காட்டும் பாடப்புத்தக வரைபில் நொறுங்கும் பொருளுக்கு ஒரு நேர்கோடு போட்டு உச்சியில் ஒரு குறி வைத்து முடித்துவிடுகிறோம். சிப்பியின் கதை அந்தக் குறிக்குப் பிறகும் தொடர்கிறது.

முத்துச்சிப்பிக் கரண்டி ஒன்றும் வாங்கினேன். கரண்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை, முட்டைக்கும் அச்சாறுக்கும் பாவிக்கிறோம் என்று எழுதலாம் என்றால் அச்சாறுக்குப் பாவிக்கவே கூடாது, புளிப்பு அதைத் தின்றுவிடும். அதன் உள்பக்கப் பளபளப்பு முத்துப்படை. அங்கே கல்சைற்று இல்லை, அரகனைட்டு, இதுவும் கல்சியம் காபனேற்றுத்தான், பளிங்கு அடுக்கு வேறு. ஏறத்தாழ அரை மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தட்டுகள், ஒரு தலைமயிரின் குறுக்கே நூறு தட்டு அடுக்கலாம். கிடுகு வேயும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி மூட்டை மறைத்து வைப்போமே, அதே அமைப்பு. வெடிப்பு நேராகப் போக வழியில்லை, ஒவ்வொரு தட்டையும் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், நடுவில் உள்ள பசை இழுத்துப் பிடிக்கும். முத்துப்படையை உடைக்க, தனி அரகனைட்டை உடைப்பதை விட ஏறத்தாழ 3000 மடங்கு சக்தி வேண்டும் என்று எல்லா நூல்களிலும் சொல்வார்கள். இதன் யங்கின் மட்டு (விறைப்பின் அளவு) கிட்டத்தட்ட அலுமினியத்தின் அளவு, அதாவது 70 ஜிகாபஸ்கால் பக்கம். சுண்ணாம்பும் கொஞ்சம் புரதமும் சேர்ந்து செய்கிற வேலை இது.

இதில் இன்னொரு விஷயம்தான் இந்தக் கடையோடு நேராகத் தொடர்புபடுவது. ஈரமாக இருக்கிற முத்துப்படையை இழுத்தால், அந்த வரைபின் கோடு ஓர் இடத்தில் வளைந்து, விகாரம் நூற்றுக்கு ஒன்று அளவுக்குப் போய்த்தான் அறும். நன்றாகக் காய்ந்ததை இழுத்தால் வளைவே இல்லை, சட்டென்று அறுந்துவிடும். தண்ணீர் பசையை இளக வைக்கிறது. ஐயா சாமான்களை வெயிலில் வைப்பதில்லை, வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறார், விளக்கு வட்டுகளில் துளையிடும்போது தண்ணீர்த் தட்டுக்குள் வைத்து மெதுவாகத்தான் ட்ரில் பிடிக்கிறார். ஏன் என்று கேட்டேன். "காய வைச்சுத் துளைச்சா விளிம்பு பொரிஞ்சு போகும், தூசி நெஞ்சுக்குள்ள போகும்" என்றார். இரண்டும் சரி. புரதம் என்ற சொல்லே வராமல் புரதத்தைக் காப்பாற்றுகிற வேலையை அந்த மனிதர் செய்துகொண்டிருக்கிறார்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். சமைத்த கோழி எலும்பைக் கடித்தால் கூராகச் சிராய் பிரியும், பச்சை எலும்பு அப்படி முறியாது, ஏனென்றால் வெப்பம் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைக் கெடுத்துவிடுகிறது. அதே எலும்பை வினாகிரியில் ஒரு கிழமை ஊறப்போட்டால் கனிமம் கரைந்து இறப்பர் மாதிரி வளையும். கனிமம் மட்டும் மிஞ்சினால் சுக்குநூறு, புரதம் மட்டும் மிஞ்சினால் தொளதொள. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் எலும்பு. சங்குக்கும் இதே கதைதான், அதனால் ப்ளீச்சில் ஊறவைத்து வெளுக்கச் செய்த சங்கையும் வாங்காதீர்கள், ப்ளீச் தின்பது அந்த ஒரு சதவீதத்தைத்தான்.

சங்கின் அடுக்கு முத்துப்படை மாதிரி இல்லை. பெரும்பாலான சங்கு, நத்தை இனங்களின் ஓட்டில் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, பிளைவூட் பலகையில் நார் திசை மாறி மாறிப் போகிற மாதிரி, பல அளவுகளில் அடுக்கப்பட்டிருக்கும். கரிபியன் கடலின் ராணிச் சங்கை வைத்து 2000இல் காமத், சூ, பல்லாரினி, ஹொயர் என்ற நால்வர் நேச்சர் இதழில் எழுதினார்கள்: ஓட்டின் ஒரு படையில் ஒரு வெடிப்புக்குப் பதில் பல வெடிப்புகள் சமாந்தரமாகத் திறந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும், நடுப்படையில் போகிற வெடிப்பை குறுக்குப் பட்டைகள் பாலம் போட்டுப் பிடித்து வைக்கும். வங்காளத்தில் சங்கு வளையல் செய்கிறவர்கள் சங்கை உடைக்காமல் வாளால் அறுத்தே வளையம் எடுத்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக நெய்த பொருளை உடைத்து வேண்டிய வடிவம் எடுக்க முடியாது.

ஐயா சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளாத ஒன்றும் இருக்கிறது. "நல்ல சங்கு பனையில இருந்து விழுந்தாலும் உடையாது" என்றார். உடையும். கருங்கல்லில் விழுந்தால் எந்தச் சங்கும் உடையும். நல்ல சங்கு உதடு தெறித்தாலும் உடம்பு நிற்கும், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் இதை நம்பிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடையின் குறைகள் என்று வந்தால், மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியது அந்தத் தகர வளையம். விளக்கு விழுந்ததற்குக் காரணம் சிப்பியும் இல்லை, தங்கூசியும் இல்லை. வளையத்தின் கொக்கி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்திருந்தது. கடலிலிருந்து அரை மைலுக்குள் இருக்கிற ஊரில் தகரக் கொக்கி போடுவதா? சிப்பிக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறவர் கொக்கியை மறந்துவிட்டார். மின்குமிழ் பிடியும் மலிவானது, வயர் மெல்லியது, நான் வீட்டுக்கு வந்ததும் மின்வேலை செய்கிற தம்பி ஒருவரைக் கூப்பிட்டு மாற்றினேன், பழைய சூடேறும் குமிழ் போடவேண்டாம் என்று அவரும் சொன்னார். சூடு பசையைக் காயவைக்கும் என்பது என் பக்கத்துக் காரணம்.

அப்புறம், கார்ட் எடுப்பதில்லை. பில் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருவார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பூட்டினால் மூன்றரைக்குத்தான் திறப்பு, வெள்ளிக்கிழமை பின்னேரம் திறப்பதே இல்லை, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். பொதி செய்வது பழைய பத்திரிகைத் தாளில். கொழும்புக்குப் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் ஒரு துவாயையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. விலை: விளக்கு 7,500 ரூபா, கரண்டி 600, நான் பிறகு எடுத்த நடுத்தரச் சங்கு 3,200. பேரம் பேசினால் ஐயா குறைப்பதில்லை, மருமகள் கொஞ்சம் குறைப்பார்.

இந்தக் கடையில் பவளம் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை. வெளிநாட்டுக்காரர் இருவர் நான் இருக்கும்போதே கேட்டார்கள், ஐயா கையை விரித்துவிட்டார். பவளப்பாறையை உடைத்து எடுப்பது நம் நாட்டில் சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். புறாத்தீவில் நீந்தப் போகிறவர்களுக்கு நான் சொல்வது மறுபக்கம்: கிளைப் பவளமும் அரகனைட்டுத்தான், ஆனால் அதற்கு முத்துப்படையின் அடுக்கும் இல்லை, சங்கின் நெசவும் இல்லை, உள்ளே துளைதுளையான எலும்புக்கூடு. அலையின் இழுப்பைத் தாங்கும். ஒரு ஆளின் பாதம் மேலே பட்டால் முறியும், முறிந்த கிளை திரும்ப வளர வருடங்கள் எடுக்கும். சிப்பி உடைவதைத் தாங்கும் என்று இவ்வளவு நேரம் எழுதியதை வைத்துக் கடலில் உள்ள எல்லாமே அப்படித்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

விளக்கைத் திருத்தக் கொண்டுபோன கதையோடு முடிக்கிறேன். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஐயா வளையத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. கொக்கியை விரலால் தேய்த்துப் பார்த்தார், துரு உதிர்ந்தது. "இது என்ர பிழை டீச்சர்" என்றார். வேறு கதை ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வட்டுக்கு நான்கு புது வட்டுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்து, தண்ணீர்த் தட்டில் வைத்துத் துளைத்து, என் முன்னாலேயே கோத்தார். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது, மருமகள் பிளேன்ரீ தந்தார். வளையத்தைப் பித்தளையில் செய்து தரச் சொன்னேன், அதற்கு ஒரு கிழமை கேட்டார், பத்து நாளில் தந்தார். பித்தளைக்கு மட்டும் 1,800 ரூபா வாங்கினார், வட்டுக்கும் கூலிக்கும் எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. இப்போது விற்கிற எல்லா விளக்குக்கும் பித்தளைக் கொக்கிதான் போடுகிறாராம். போகிறவர்கள் வாங்குவதற்கு முன் கொக்கியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அரைப் புள்ளி அந்த வயருக்காகக் குறைத்தது. வெடித்த இரண்டு வட்டுகளில் ஒன்று வகுப்பில் படி ஏற்றி முடிந்துவிட்டது. மற்றதை ஐயா திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. ஆய்வுகூட அலுமாரியில் கல்சைற்றுக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அடுத்த தவணைப் பிள்ளைகளுக்கு வேண்டும்.